டெக்சாஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ்: பழைய மிஸ்டிமீனர் (சிறு குற்ற) வழக்கு இருந்தால் என்ன ஆகும்?

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் பெரும்பாலானோர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் லைசென்ஸுக்கு மதிப்பு உண்டு. வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். கடையில் துப்பாக்கி வாங்கும்போது உடனடிப் பின்னணிச் சோதனைக்குப் பதிலாக அதைக் காட்டலாம். விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். அதைக் கட்டுவதற்கு முன் பழைய வழக்கின் தீர்ப்பு நகலை எடுத்துப் பாருங்கள். நினைவை நம்பி விண்ணப்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள்.

தீர்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது குற்றத்தின் வகுப்பு. 'ஏ' வகுப்புக்கு ஓராண்டு வரை சிறை, 'பி' வகுப்புக்கு 180 நாள் வரை சிறை, 'சி' வகுப்புக்கு 500 டாலர் வரை அபராதம் மட்டும். ஏ, பி இரண்டும் 5 ஆண்டுகளுக்குத் தடை. சி தடையாகாது, பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்த குற்றம் (தண்டனைச் சட்டம் 42.01) மட்டும் விலக்கு, அது சி வகுப்பானாலும் 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். கடையில் 100 டாலருக்குக் குறைந்த பொருளைத் திருடிய வழக்கு பொதுவாக சி. 100 டாலரைத் தொட்டால் பி. முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும் குறைந்தது பி. வழக்கு இன்னும் நிலுவையில் இருந்து, ஏ அல்லது பி குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தால், தீர்ப்பு வராவிட்டாலும் லைசென்ஸ் கிடைக்காது.

அடுத்தது தேதி. 2020 டிசம்பரில் கைது, 2022 மார்ச்சில் தீர்ப்பு, 2023 மார்ச்சில் நன்னடத்தைக் காலம் முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டு 2022 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. கைதான நாளும் கணக்கில்லை, நன்னடத்தை முடிந்த நாளும் கணக்கில்லை.

அதிகம் பேர் ஏமாறும் இடம் 'டிஃபர்டு அட்ஜூடிகேஷன்', அதாவது குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமல், நிபந்தனைகளோடு தீர்ப்பைத் தள்ளிவைக்கும் நீதிமன்ற உத்தரவு. நிபந்தனைகளை முடித்ததும் வழக்கு தள்ளுபடியாவதால், தண்டனையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற பல விஷயங்களில் அது சரிதான். ஆனால் லைசென்ஸ் சட்டம் (அரசாங்கச் சட்டத் தொகுப்பு 411-ஆம் அத்தியாயம்) இந்த உத்தரவையும் தண்டனையாகவே எண்ணுகிறது. 5 ஆண்டு உத்தரவு தேதியிலிருந்து ஓடும். பதிவு முறைப்படி அழிக்கப்பட்டாலோ மன்னிப்பு கிடைத்தாலோ அது கணக்கில் வராது.

மது அல்லது போதைப்பொருள் குற்றத்தின் கூறாக உள்ள வழக்குகளில், பி வகுப்போ அதற்கு மேலோ, விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் இரண்டு தண்டனை இருந்தால் உங்களைப் போதைக்கு அடிமையானவராகச் சட்டம் கருதும். அப்போது 5 ஆண்டு முடிந்திருந்தாலும் பயனில்லை.

வேறு மாநில வழக்குகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், ஃபெலனி (கடும் குற்றம்) அல்லாத குற்றத்துக்கு ஒரு நாள் சிறைகூட விதிக்க வாய்ப்பிருந்தால் டெக்சாஸ் அதை ஏ வகுப்பாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் சிறைக்குப் போனீர்களா என்பது பொருட்டே இல்லை.

குடும்ப வன்முறை மிஸ்டிமீனர் தனி ரகம். 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, மனைவி, கணவர் போன்றோரைத் தாக்கிய மிஸ்டிமீனருக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. இதற்கு 5 ஆண்டுக் கெடு இல்லை. இப்படி ஒரு வழக்கு இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதே குற்றமாகலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, இதே தடை உண்டு.

சமீபத்திய தண்டனை இருப்பவர், லைசென்ஸ் இல்லாமலேயே எடுத்துச் செல்லலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. உடல் காயம் ஏற்படுத்திய தாக்குதல், உயிருக்கு ஆபத்தான நடத்தை, பயங்கர மிரட்டல், பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டியது அல்லது சுட்டது ஆகியவற்றில் 5 ஆண்டுக்குள் தண்டனை பெற்றவருக்கு 2021 சட்டம் பொருந்தாது.

விண்ணப்பத்தில் பழைய வழக்கை மறைக்காதீர்கள். கைரேகை கொடுக்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். முக்கியமான உண்மையை மறைத்ததே தனித் தகுதியின்மை. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வழக்கு நடந்த கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் லைசென்ஸ் வழங்கும், ஆஸ்டினில் உள்ள பொதுப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்து மூலம் விசாரணை கேளுங்கள். விசாரணை நீங்கள் வசிக்கும் கவுன்ட்டியின் ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிமன்றம்) நடக்கும்.