பெடலைக் குறை சொல்லுமுன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தான். தோளில் கிட்டார் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் மூன்று பெடல், அதாவது கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி: கரகரப்புக்கு ஓவர்டிரைவ் ஒன்று, சத்தத்தைத் தடிக்கவைக்கும் கோரஸ் ஒன்று, எதிரொலிக்கு டிஜிட்டல் டிலே ஒன்று. "அண்ணே, மூணும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு. நல்ல சரக்குன்னு நம்பி காசைக் கொட்டுனேன்" என்றான்.

பெடலைத் தொடவே இல்லை. "அடாப்டர் எங்கப்பா?" என்று கேட்டேன். பையின் ஓரத்து ஜிப்பைத் திறந்து எடுத்தான். வீட்டில் வைஃபை பெட்டியோடு வந்த அடாப்டர். 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். பழைய அடாப்டர் தொலைந்துவிட்டது, இதன் வயர் நுனிப் பின் சரியாக நுழைந்தது, செருகிவிட்டான்.

நுழையும்தான். அதுதான் வில்லங்கம். இன்று கடையில் கிடைக்கும் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ் என்ற முறையில் வருகின்றன. வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அடாப்டரின் முதுகில் ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி முக்கால் வட்டம், ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு கழித்தலில் போய் முடிந்தால் அது பெடலுக்கு ஆகும். படம் அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். திரையில் கழித்தல் குறியோடு 9 வரவேண்டும். கழித்தலைப் பார்த்து முனையை மாற்றிப் பிடிக்காதீர்கள். இந்த ஓரிடத்தில் கழித்தல்தான் சரி.

ஓவர்டிரைவின் அடிமூடியைக் கழற்றியதும் கருகல் வாசனை. டிசி ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு டயோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. கரண்ட் தலைகீழாக வந்தால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளத்தான் அதை அங்கே வைக்கிறார்கள். 4007 டயோடு ஒன்று எடுத்து வைத்தேன், பெடல் எழுந்துவிட்டது. கோரஸும் அப்படியே. டிலேயில் காவலையும் தாண்டி உள்ளே சிப் போயிருந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வோல்ட் என்றாலே மில்லி ஆம்பியரையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வோல்ட் கூடினால் ஆபத்து. மில்லி ஆம்பியர் கூடினால் ஒன்றும் ஆகாது, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாதாரண ஓவர்டிரைவுக்கு 10 மில்லி ஆம்பியரே அதிகம். டிஜிட்டல் ரிவெர்ப் (பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் பெடல்), டிலே என்றால் 100, 200, சிலது 300 கூடக் கேட்கும். பெடல்களின் அடியில் எழுதியிருப்பதைக் கூட்டி, அதற்கு மேல் தாராளமாகக் கொடுக்கிற அடாப்டராக வாங்குங்கள்.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல் ஐந்து பின் பிரியும் வயரை எல்லாரும் வைத்திருக்கிறீர்கள். அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் அதில் குறையில்லை. டிஜிட்டல் பெடல் ஒன்று நடுவில் சேர்ந்ததும் அதன் கிளாக் (உள்ளே சிப்பை ஓட்டும் துடிப்பு) இரைச்சல் அதே வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் போய், அங்கே பெருகி, கொசு பாடுவதுபோல மெல்லிசாகக் கீச்சிடும். கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மேல் பழி போட்டுப் பிக்கப் மாற்றியவர்களும் உண்டு. சோதிக்க எளிய வழி, ஓவர்டிரைவை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கீச்சு நின்றால் குற்றவாளி கரண்ட்தான். ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கினால் தீர்ந்தது.

பேட்டரி என்றதும் ஒன்று. 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற அதே ஊரில், "புது பேட்டரி ஒரே ராத்திரியில தீர்ந்துபோச்சுண்ணே" என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்கே சுவிட்ச். கிட்டார் வயர் அதில் செருகியிருக்கும்வரை, விளக்கு அணைந்திருந்தாலும், பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி டோன், அதாவது சத்தத்தின் குணம். இணையத்தில் பெடல் பற்றிப் பேசுகிற ஆட்கள் அநேகமாக எல்லாரும் கிட்டார் ஆம்ப் (கிட்டாருக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் பக்கத்து மேடைகளில் ஆம்ப் ஏது? மெல்லிசைக் குழுவானாலும் சர்ச் கோயரானாலும் பெடலிலிருந்து வயர் நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது. எனக்குத் தெரிந்து இங்கே கெட்டுப்போகும் டோனில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் கெடுகிறது.

கிட்டார் ஆம்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெகுவாக விழுங்கிவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கிற கரகரப்பின் உச்சி முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆம்பில் இனிக்கிற பெடல், மேடையின் பிஏ ஸ்பீக்கரில் தகரத்துக்குள் மாட்டிய வண்டாகக் கத்துவது இதனால்தான். மிக்ஸர்காரரோ டிரெபிளைக் குறைப்பார், குரல் மூழ்குகிறது என்று மறுபடி ஏற்றுவார், கடைசியில் கிட்டாரையே இறக்கிவிடுவார். ஆம்ப் ஸ்பீக்கரைப்போலவே உச்சியை விழுங்கும் கேபினெட் சிமுலேட்டர் என்று ஒரு பெடல் இருக்கிறது, பெடல் வரிசையின் கடைசியில் போடுங்கள். உங்களிடம் பல பெடலும் ஒரே பெட்டியில் வரும் மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தால் அதற்குள்ளேயே அந்த வசதி இருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங்கில் போய் அவுட்புட் "ஆம்ப்" என்று இருக்கிறதா "லைன்" என்று இருக்கிறதா பாருங்கள். மிக்ஸருக்குப் போகிறவர்கள் லைனில் வைக்கவேண்டும். புதிதாக ஒரு டிஸ்டார்ஷன் வாங்க நினைத்து வந்த இரண்டு பேரை இதைச் செய்துகாட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைக்கு நஷ்டம்தான்.

மிக்ஸரில் இன்னொரு கண்ணியும் உண்டு. கிட்டார் பிக்கப் பலவீனமான ஜீவன். அதற்கு எதிரே சுமார் 10 லட்சம் ஓம் இன்புட் இருந்தால்தான் முழுக்குரலில் பேசும். மிக்ஸரின் லைன் இன்புட்டோ 10 ஆயிரம், 20 ஆயிரம் ஓம். நேராகச் செருகினால் குரல் கம்மிப்போய் மந்தமாகும். நடுவில் பஃபர் (பலவீனமான சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் ஒன்று இருந்தால், அது அணைந்திருந்தாலும், இந்தக் குறை வராது. "ட்ரூ பைபாஸ்" என்று பெருமையாக எழுதியிருக்கும் பெடல்களில் பஃபர் இல்லை. அணைத்ததும் அவை வெறும் வயர். பெடல் ஆன் செய்தால் தெளிவு, ஆஃப் செய்தால் மந்தம் என்றால் உங்கள் சிக்கல் இதுதான். நீளமான வயரும் இதே வேலையைச் செய்யும். வயரின் மின்தேக்கம் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 10 மீட்டர் வயர் உச்சஸ்தாயியைத் தின்றுவிடும்.

அறையில் தனியாக உட்கார்ந்து வைத்த செட்டிங் மேடைக்கு ஆகாது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சத்தமும் மேல் சத்தமும் குறைவாகக் கேட்கும். அதனால் வீட்டில் எல்லாரும் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுவை இறக்கி வைக்கிறார்கள். மேடையில் அடிப்பக்கத்தை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ளும், மேல்பக்கத்தை சிம்பல். மிச்சமிருந்த நடுவை நீங்களே வழித்துப் போட்டுவிட்டால் கிட்டார் எங்கே நிற்கும்? ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் இத்தனை வருஷம் நிலைத்ததற்குக் காரணமே அது அடியை வெட்டி 700 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். குழுவோடு கேட்டால் அதன் அருமை தெரியும். டிரைவ் நாபை வீட்டில் வைத்ததில் பாதிக்குக் கொண்டுவந்து, லெவலை ஏற்றுங்கள்.

வரிசை பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்: ட்யூனர், வா-வா பெடல், டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப். ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு தரும் பெடல்) இருந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், கிட்டாரை ஒட்டி. பழைய மாதிரி ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் வைத்திருப்பவர்கள் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு வந்து "சத்தம் பொரியுது" என்றால், நிழலில் அரைமணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். சூட்டில் ஜெர்மானியம் கசியும்.

ரிவெர்ப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு பெரிய வீட்டில். கானாடுகாத்தான் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணம், வீட்டு நடுவே முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில்தான் கச்சேரி. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், சுவர் கண்ணாடிபோல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கூரை, சத்தத்தைக் குடிக்க ஒரு துணித்திரை கிடையாது. கிட்டார் வாசித்த தம்பி ரிவெர்பை முக்கால்வாசி வைத்திருந்தான், டிலே வேறு. சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது உறைக்கவில்லை. பட்டாலையிலிருந்து ஆச்சி ஒருவர் எழுந்து வந்து, "ஏம்ப்பா, கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கே" என்றார். ரிவெர்பை முழுக்க அணைத்தோம். டிலேயில் ஒரே ஒரு எதிரொலி மட்டும் விட்டோம். அந்த வீடே மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடித்தட்டுப் பேஸையும் கொஞ்சம் இறக்கினோம். விருந்து பரிமாறியபோது பாட்டு வரி கேட்டது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நடுவில் நின்று ஒரு கைதட்டு. எதிரொலியின் வால் நீண்டால் ரிவெர்ப் பெடல் பைக்குள்ளேயே கிடக்கும்.

கடைசியாக, டோனைவிடப் பெரிய விஷயம். போன வருஷம் ஒரு கிராமத்துத் திருவிழா மேடை, ஜெனரேட்டர் கரண்ட். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர் மைக்கில் வாய் வைத்ததும் சுளீர் என்று பின்வாங்கினார். மல்டிமீட்டரை ஏசியில் போட்டு, மைக்கின் வலைக்கும் தரைக்கும் நடுவே வைத்தேன். 108 வோல்ட். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்தால் மூன்று பின் சாக்கெட், உள்ளே வருவதோ இரண்டே வயர். எர்த்தே இல்லை. எர்த் இல்லாத பெட்டியில் அடாப்டர், மிக்ஸர் எல்லாவற்றின் ஃபில்டர் கசிவும் சேர்ந்து 230இல் பாதி வோல்ட் கருவிகளின் உலோக உடம்பில் மிதக்கும். இது பெரும்பாலும் சுருக்கென்று கடிப்பதோடு போகும். ஆனால் இணைத்திருக்கும் ஏதாவது ஒரு கருவியில் லைன் வயர் பாடியைத் தொட்டுவிட்டால் ஆள் போய்விடுவார். பெடல் பேட்டரியில் ஓடினாலும் தப்ப முடியாது, கிட்டார் கம்பி வயர் வழியாக மிக்ஸரோடு சேர்ந்துதான் இருக்கிறது. ஹம் சத்தம் போகிறது என்று எர்த் பின்னை ஒடிக்கிறவர்கள் இதைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். ஹம் வந்தால் எல்லா சவுண்ட் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள், சீரியல் லைட்டுக்கு வேறு வழி. கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி ஒன்றைச் சொந்தமாகப் பெட்டியில் போட்டு எடுத்துப்போங்கள்.

அன்றைக்கு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் எர்த் கம்பி அடித்திருந்தார்கள். ஆனால் கோடையில் காய்ந்த செம்மண்ணில் அது சும்மா நட்ட குச்சி. நான்கு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தனி வயர் இழுத்து மேடைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தபோது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. கச்சேரி முக்கால் மணி நேரம் தாமதம். குழுத் தலைவர் அதற்கப்புறம் இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.