நகரமே இடிந்தாலும் கொட்டாவி ஏன் வருகிறது?

திரையில் ஒரு வானளாவிய கட்டடம் சரிகிறது. எந்தக் கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும், புழுதி எப்படிச் சுருண்டு எழும் என்று கணினி கணக்குப் போட்டு உருவாக்கிய காட்சி அது. நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு நிமிடச் சண்டைக்கு 1440 பிரேம்கள். ஒரே ஒரு பிரேமில் ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடவே சில நேரம் பல மணி நேரம் ஆகும். அருமையான உழைப்பு. இருந்தும் அந்த சூப்பர்ஹீரோ படத்தின் மூன்றாவது சண்டையில் நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் மூளை மற்றதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். கண்மணி விரியும், இதயத் துடிப்பு சற்று மட்டுப்படும். சோவியத் விஞ்ஞானி யெவ்கெனி சொகோலோவ் இதை விரிவாக ஆராய்ந்தவர். அவர் தந்த விளக்கம் இது: திரும்பத் திரும்ப வருவதற்கு மூளை உள்ளுக்குள் ஒரு மாதிரியை வைத்துக்கொள்கிறது, வருவது அதோடு பொருந்திவிட்டால் கண்டுகொள்வதில்லை. முதல் வெடிப்புக்கு நிமிர்ந்து உட்கார்ந்த நாம் பத்தாவது வெடிப்புக்கு அசையாமல் இருப்பது இதனால்தான்.

சரி, கதை என்ன செய்கிறது? 1944-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மலும் ஒரு குட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு செவ்வகம். அவ்வளவுதான். முகம் இல்லை, வசனம் இல்லை. என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, முதல் குழுவின் 34 பேரில் ஒரே ஒருவர்தான் வெறும் வடிவங்களின் நகர்வாக எழுதினார். மற்றவர்களுக்கு அவை உயிருள்ளவை. பெரிய முக்கோணம் அடாவடிக்காரன். வட்டம் பயந்துபோய் அறைக்குள் ஒளிகிறது.

யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மூளை அடுத்த நகர்வை ஊகிக்கத் தொடங்குகிறது. வட்டம் தப்புமா, மாட்டுமா? விடை தெரியாதவரை கவனம் நகராது. குண்டு துளைக்காத, எதையும் இழக்காத நாயகனிடம் ஊகிக்க ஒன்றுமே இல்லை. என்னைக் கேட்டால், சுமாரான கிராபிக்ஸைவிட இதுதான் பெரிய குறை.

கதை பலவீனமாக இருந்தால் இயக்குநருக்கு மிஞ்சுவது ஒரே வழி: பழகிப்போன மாதிரியை உடைக்கும் அளவுக்குத் தூண்டலைப் பெரிதாக்குவது. முதலில் தெரு இடியும், அப்புறம் நகரம், கடைசியில் பூமியே. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அதற்கும் மூளை பழகிவிடும்.