போன் வராத நாளில் தூங்குங்கள்: ஸ்பேர் லோரி டிரைவர்களுக்கு

பினாங்கின் பட்டர்வொர்த், பிறை, மாக் மண்டின் வட்டாரத்தில் ஸ்பேர் டிரைவராக ஓடுகிறவர்களுக்கு மாதத்தில் பாதி நாள் ஸ்டியரிங் கையில் இருக்காது. நிரந்தர டிரைவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தாலோ, ஊருக்குப் போனாலோ, பெருநாளுக்கு முன்னால் சரக்கு குவிந்தாலோதான் தவுக்கே (முதலாளி) போன் அடிப்பார். பெருநாள் நெருங்கியதும் கனரக லோரிகளுக்குத் தடை வரும், மறுபடி வீடு. ஜிடிஎல் (சரக்கு வண்டி உரிமம்) மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் “எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்?” என்று கிளினிக்கில் கேட்பார்கள். ஸ்பேர் டிரைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “போன் வந்தபோது நீங்கள் எழுந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?”

வழக்கமான ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஏழுக்கு எழுந்து பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். பகலில் சும்மா இருக்க முடியாமல் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி, இல்லையென்றால் புல் வெட்டும் வேலை. இரவு ஒன்பதுக்குப் போன் வருகிறது. பத்தரைக்கு யார்டு, ஏற்றி, தார்பாய் கட்டி, ரசீது வாங்கி லோரி கிளம்ப நள்ளிரவு பன்னிரண்டு. டிரைவரைக் கேட்டால் “இப்போதானே ஆரம்பிக்கிறேன்” என்பார். உடம்பின் கணக்கில் அது பதினேழாவது மணி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020-இல் சட்டத்தைத் திருத்தியபோது மலேசியா வைத்த உச்ச வரம்பும் அதே 50தான். ஒரு சொட்டு குடிக்காமலே அந்த வரம்பில்தான் யார்டு கேட்டைத் தாண்டுகிறார்.

கோலாலம்பூர் நோக்கி மணிக்கு 70 கிலோமீட்டரில் போனால் அதிகாலை மூன்றுக்குத் தாப்பா பக்கம் இருப்பார். இரண்டிலிருந்து ஐந்து வரை உடல் கடிகாரம் மிகவும் தணிந்து கிடக்கும் நேரம். அப்போது வரும் குட்டித் தூக்கம் மூன்று நான்கு விநாடிதான். கண் திறந்தபடியேகூட வரும். அந்த வேகத்தில் நான்கு விநாடிக்கு லோரி ஏறத்தாழ 78 மீட்டர் ஓடிவிடும். கடைசி சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது, கோட்டின் மேல் டயர் ஏறும் சத்தம், வேகம் ஒரே அளவில் நிற்காமல் ஏறி இறங்குவது: இவை வந்துவிட்டால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் பயன் தராது.

பயன் தருவது இது. ஆர்&ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நிறுத்தி ஒரு கோப்பி ஓ (பாலில்லாத காபி) குடித்துவிட்டு உடனே 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபியின் வேலை தொடங்க அரைமணி வரை ஆகும். விழிக்கும் நேரத்தில் அது கைகொடுக்கும். அரைமணியைத் தாண்டித் தூங்கிவிட்டால், எழுந்த பின் தலை தெளிய இன்னும் இருபது நிமிடமாவது கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஆனால் இது அடுத்த ஒரு மணி நேரத்தைக் கடத்தும் வழி மட்டுமே. கோலாலம்பூர் வரை இதையே நம்பிப் போகக் கூடாது.

அசல் மருந்து பகலில் இருக்கிறது. வேலை வரலாம் என்று தெரிந்த நாளில், வந்தாலும் வராவிட்டாலும், மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை படுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒரு முழுத் தூக்கச் சுற்று. அறையை இருட்டாக்கி, காற்றாடி போட்டு, தவுக்கேயின் எண் மட்டும் ஒலிக்கும்படி போனை வையுங்கள். வாட்ஸாப் குழுவின் டிங் டிங்தான் இந்தத் தூக்கத்துக்குப் பெரிய எதிரி. வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பகலில் படுத்திருக்கிற ஆண்பிள்ளையைச் சோம்பேறி என்று பேசும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்போடு எழுபவர், உரக்கக் குறட்டை விடுபவர், கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் எத்தனை மணி படுத்தாலும் கணக்கு நிறையாது.

தூக்கத்துக்கு அடுத்த சிக்கல் மருந்து. நேரம் மாறி மாறி ஓடுகிறவருக்கு “காலை ஒன்று, இரவு ஒன்று” என்ற சீட்டு ஒத்துவராது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் கிளிக்கிளசைடு போட்டுவிட்டு, லோடிங் அவசரத்தில் சாப்பிடாமல் ஏறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த மாத்திரை, சாப்பாடு வந்ததா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். சாப்பாடு கைக்கு வந்தபின் போடுங்கள். சாப்பிடாத வேளைக்கு அது வேண்டாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. கிளிக்கிளசைடோ இன்சுலினோ எடுப்பவர் ஏறுமுன் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும்.

வழியில் வியர்த்து, கை நடுங்கினால் லோரியை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். தே தாரிக் வேண்டாம், பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பார்த்து, 4-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். அளவு 5-ஐத் தாண்டிய பிறகும் 45 நிமிடம் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை, வழியில் ஒன்றுக்கு நிறுத்த வேண்டுமே என்று பலர் ஓசையில்லாமல் விட்டுவிடுகிறார்கள். மறைக்காமல் கிளினிக்கில் சொன்னால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். சளிக்குத் தரும் சின்ன மஞ்சள் மாத்திரை, அதாவது குளோர்ஃபெனிராமின், தூக்கம் தரும். “நான் லோரி ஓட்டுகிறேன்” என்று சொல்லித் தூக்கம் தராததைக் கேட்டு வாங்குங்கள். வடக்கில் தாராளமாகப் புழங்கும் கெத்தும் தண்ணீரை (கெத்தும் இலையைக் காய்ச்சி எடுப்பது) பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, அளவு கூடினால் மயக்கம். பிளாஸ்டிக் பையில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இருமல் மருந்தோடு கலந்தால் மூச்சையே தளர்த்தும். அதன் சத்தான மித்ராஜினைன், 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.

லோரியைப் பற்றிச் சுருக்கமாக. அது நேற்று வரை இன்னொருவர் ஓட்டிய வண்டி. சீட்டையும் கண்ணாடியையும் உங்கள் உடம்புக்கு மாற்றுங்கள். காற்றழுத்தம் 8 பார் வரை ஏறியதும் இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியதும் சற்று இறங்குவது போக, அந்த ஒரு நிமிடத்தில் முள் கால் பாருக்கு மேல் இறங்கினாலோ உஸ் என்ற சத்தம் கேட்டாலோ எடுக்காதீர்கள். நிரந்தர டிரைவருக்கே போன் போட்டு “வண்டியில் என்ன குறை?” என்று கேட்பது இன்னும் நல்லது. தவுக்கேயிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்.

அடிபட்டு வருகிற ஸ்பேர் டிரைவர்களில் பலருக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இருக்கிறதா என்பதே தெரியாது. ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்குவதாலேயே ஒருவர் சொந்தத் தொழில்காரர் ஆகிவிட மாட்டார். நேரத்தையும் வேலையையும் முதலாளி தீர்மானித்து, வண்டியும் அவருடையது என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தொழிலாளி என்றே கருத 2023 முதல் வேலைச் சட்டத்தில் இடமிருக்கிறது. சந்தா கட்டப்பட்டிருந்தால், வேலை விபத்துக்கு நான்கு நாளுக்குக் குறையாத எம்சி கிடைக்கும்போது தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு வரும். உண்மையிலேயே தனியாக ஓடுகிறவர்கள் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சொக்சோ சட்டத்தின் கீழ் தாங்களே பதிந்துகொள்ளலாம். பதிந்த சீட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள்.

இன்றிரவு போன் வந்தால் “சரி” என்பதற்கு முன், காலையில் எழுந்த நேரத்தோடு பதினாறைக் கூட்டிப் பாருங்கள். ஏழுக்கு எழுந்தவருக்கு அது இரவு பதினொன்று. ஏற்றிக் கிளம்ப அதைத் தாண்டிவிடும் என்றால், வேலையை விடச் சொல்லவில்லை, நேரத்தை நகர்த்திக் கேளுங்கள்: “தவுக்கே, இப்பவே வந்து ஏத்திடுறேன். நாலு மணி நேரம் கேபின்ல படுத்துட்டு அஞ்சு மணிக்கு எடுக்கிறேன், பத்தரை பதினொண்ணுக்கெல்லாம் கேஎல்ல சரக்கு இறங்கிடும்.”