போனில் சொன்ன மருந்தை நர்ஸ் ஏன் திருப்பிப் படிக்கிறார்?

"டாக்டர் போனில் மருந்து சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டு, அதை மறுபடி அவருக்கே படித்துக் காட்டினார். ஒருமுறை சொன்னால் விளங்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விளங்கும். விளங்கிக்கொண்டது சரியா என்பதுதான் தெரியாது. தவறாகக் கேட்டவருக்குத் தவறாகக் கேட்ட உணர்வே வராது. காதில் சரியாக விழாத இடத்தை, எதிர்பார்த்த சொல்லைக் கொண்டு மூளை நிரப்பிவிடும். "சந்தேகம் வந்தால் கேளுங்கள்" என்ற அறிவுரை பலிக்காததன் காரணம் இதுதான். சந்தேகமே வருவதில்லை.

நம் ஊர் மருத்துவமனைகளில் அளவுகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். இரைச்சலான வார்டில் 'பிஃப்டீன்' எளிதில் 'பிஃப்டி' ஆகிவிடும். 15 யூனிட் இன்சுலினுக்குப் பதில் 50 போனால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். அதனால் எண்ணை உடைத்து, 'ஒன், ஃபைவ்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறை இதுதான்: டாக்டர் நோயாளியின் பெயர், மருந்து, அளவு, எந்த வழியில் (வாய்வழியா, ஊசியா), எத்தனை மணிக்கொருமுறை என்று சொல்கிறார். நர்ஸ் கேஸ் ஷீட்டில் எழுதி, எழுதியதைப் படிக்கிறார். டாக்டர் கேட்டு உறுதி செய்கிறார்.

இதில் உயிர்நாடி, 'எழுதியதைப் படிப்பது'. காதில் விழுந்த ஒலி சில விநாடிகள் நினைவில் அப்படியே நிற்கும். அதை வைத்துத் திருப்பிச் சொன்னால் வாய் 'பிஃப்டீன்' என்றே சொல்லும். கையோ 50 என்று எழுதியிருக்கலாம். தாளைப் பார்த்துப் படிக்கும்போது வாய், போன், காது, மனம், பேனா என்று செய்தி கடந்து வந்த வழி முழுவதும் ஒரே வீச்சில் சோதிக்கப்படுகிறது. எங்கே பிழை நுழைந்திருந்தாலும், சரியான விடை தெரிந்த ஒரே ஆளின் காதில் அது போய் விழுகிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு வலிமை!

இதற்குப் பிடிபடாத பிழையும் உண்டு. யூனிட் என்பதற்கு 'யு' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால், எழுதியவர் '10 யூனிட்' என்று சரியாகவே படிப்பார். அடுத்த ஷிப்டில் வருபவர் அதைச் சுழியாக எடுத்து 100 என்று படிக்கலாம். எனவே 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும். புள்ளியும் கண்ணில் படாமல் போகலாம். அதனால் 1.0 வேண்டாம், 1 போதும். .5 வேண்டாம், 0.5 வேண்டும்.

கடைசிப் படியான உறுதி செய்தலும் சடங்காகிவிடக் கூடாது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்தின் துணை விமானி, பாதை அனுமதியை (அது புறப்படும் அனுமதி அல்ல) திருப்பிச் சொல்லிவிட்டு, புறப்படுவதாகவும் மங்கலாகச் சேர்த்துக்கொண்டார். கட்டுப்பாட்டுக் கோபுரம் "ஓகே" என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னது. அதே கணத்தில் பான் ஆம் விமானமும் பேச, கேஎல்எம் விமானிகளுக்கு "ஓகே"க்குப் பின் பெரும்பாலும் கீச்சொலிதான் கேட்டது. கேஎல்எம் புறப்பட ஓடி, ஓடுபாதையில் இருந்த பான் ஆம் மீது மோதியது. இறந்தவர்கள் 583 பேர். வெறும் "ம்", "ஓகே" போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். "ஆமாம், ஒன் ஃபைவ் யூனிட்" என்று டாக்டர் எண்ணோடு சொல்ல வேண்டும்.

இதயம் நின்றுபோன நேரத்தில் எழுத அவகாசமில்லை. அங்கே "அட்ரினலின் 1 மில்லிகிராம் போடுறேன்", பிறகு "போட்டாச்சு" என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்வதே முறை.

ஆய்வக முடிவுகளைப் போனில் சொல்வது பற்றி 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 822 அழைப்புகளில் 29இல் பிழை பிடிபட்டது. திருப்பிப் படிக்க ஆன நேரம் அழைப்புக்குச் சுமார் 13 விநாடி. கோடிகளில் மென்பொருள் வாங்கும் நிர்வாகங்கள் இந்த 13 விநாடியை நர்ஸுக்குத் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். மூத்த மருத்துவர் ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும். அடுத்த முறை அந்த நர்ஸ் திருப்பிப் படிக்கத் தயங்குவார். இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

நோயாளியிடமும் இதே முறைதான். "புரிஞ்சுதாம்மா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இந்த சிரப்பைக் குழந்தைக்கு எப்படிக் குடுப்பீங்க?" என்று கேட்டு, மூடியிலோ சிரிஞ்சிலோ 5 மில்லி எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் தவறாக எடுத்தால், நாம் சொன்ன விதத்தில்தான் குறை. வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்து, மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும்.