ஐந்து யூனிட் ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குலப் புல்

வீட்டுக் கொல்லையில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தளம், போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது புல்லின் உயரத்தையும் நிறத்தையும். ஆனால் பந்து சீராக எகிறுமா, அடைமழை விட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் இறங்கி ஆடலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதற்குக் கீழே இருக்கும் ஏழு அங்குலம். புல் விரிக்க ஒரு நாள் போதும். அடித்தளத்துக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

சென்னைப் புறநகரில் 40 அடிக்கு 20 அடி இடத்தை எடுத்துக்கொள்வோம். நெட் கிரிக்கெட்டுக்கும் பிள்ளைகளின் ஃபுட்பாலுக்கும் இது போதும். கடப்பாரையைத் தொடும் முன் ஒரு சோதனை: ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணல் என்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நிற்கும். அப்படி நின்றால் தாழ்ந்த ஓரம் நெடுக ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயைப் பதித்து, தண்ணீரை வெளியே கொண்டுபோக வேண்டும்.

எட்டு அங்குலம் தோண்டினால் சுமார் 530 கன அடி மண் வரும். வெட்டிய மண் உப்பும் என்பதால் ஆறரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) லாரி பேசுங்கள். தோண்டிய தரையிலேயே வாட்டம் கொடுத்துவிட வேண்டும்: நூற்றுக்கு ஒன்று, அதாவது 20 அடி அகலத்தில் சுமார் இரண்டரை அங்குலம். நெட் கம்பங்களுக்கான கான்கிரீட்டையும் சுற்றுக் கெர்ப்பையும் (ஓரக் கட்டு) இப்போதே போட்டுவிடுங்கள். புல் விரித்தபின் கம்பம் நட வந்தால் எல்லாமே கெடும்.

தரைமேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி. செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது இதைத்தான், அது தவறு. களிமண் மழையில் கூழாகும். மேலே ஓடி ஆடும்போது அந்தக் கூழ் ஜல்லி இடுக்குகளுக்குள் பிதுங்கி ஏறும். துணி தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைத் தடுக்கிறது.

அதன்மேல் ஒன்றரை இன்ச் ஜல்லி 4 அங்குலம், முக்கால் இன்ச் ஜல்லி 2 அங்குலம், மட்டம் பிடிக்கக் கால் இன்ச் கல் சிப்ஸ் ஓர் அங்குலம். நடு அடுக்கைத் தவிர்த்தால் சிப்ஸ் பெரிய ஜல்லியின் இடுக்கு வழியே இறங்கி, மேலே பள்ளம் விழும். அழுத்தினால் தடிமன் குறையும் என்பதால் பெரிய ஜல்லி இரண்டும் சேர்த்து 5 யூனிட், சிப்ஸ் முக்கால் முதல் ஒரு யூனிட் வாங்குங்கள். 3 அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல் பிளேட் காம்பாக்டரால் (அதிரும் தட்டால் தரையை இறுக்கும் இயந்திரம்) அடிக்க வேண்டும். கையால் அடிக்கும் திமிசு மேல் அங்குலத்தை இறுக்கும், கீழே எட்டாது. கிரஷர் பவுடரை, அதாவது கல் உடைக்கும்போது வரும் தூளை, மேலே பரப்பச் சொல்வார்கள். கண்ணாடி மாதிரி மட்டம் வரும், உண்மைதான். ஆனால் அந்தத் தூள் நனைந்து இறுகினால் தண்ணீர் கீழே இறங்காது.

சுத்தமான ஜல்லியில் அழுத்திய பிறகும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். நம் தளத்தில் அது ஏறக்குறைய 4,000 லிட்டர், கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஆக ஜல்லிப் படுகை ஒரு தொட்டியும்கூட. மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். பத்தடி அலுமினியப் பட்டையை மேலே வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் புல்லை இன்னும் பிரிக்காதீர்கள்.

இனி விரிப்பு. 20 மில்லிமீட்டர் உயரப் பாலிஎத்திலீன் புல் போதும். ரோல் 2 மீட்டர் அகலம் என்றால் மூன்றையும் சேர்த்து 19 அடி 8 அங்குலம். இணைப்பில் இரண்டு மூன்று தையல் வரிசைகளை வெட்டி எறிவதால் தளத்தை 19 அடி 4 அங்குலமாகத் திட்டமிட்டால் நான்காவது ரோல் வாங்க வேண்டியதில்லை. எல்லா ரோலிலும் இழை ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று திரும்பினாலும் தூரத்திலிருந்தே இரண்டு பச்சையாகத் தெரியும்.

டர்ஃப் கிழிவது பெரும்பாலும் இணைப்பில்தான். பிளாஸ்டிக் வெயிலில் நீளும்: 40 அடி விரிப்பு 30 டிகிரி சூடேறினால், தடுக்காவிட்டால், ஒன்றரை அங்குலம்வரை நீளக்கூடும். உச்சி வெயிலில் இழுத்து ஒட்டினால் இரவில் சுருங்கி இணைப்பைப் பிளக்கும். எனவே சில மணி நேரம் விரித்துப் போட்டுவிட்டு மாலையில் ஒட்டுங்கள். இரண்டு பாகப் பாலியூரித்தேன் பசைக்கு ஈரம் ஆகாது. அதிலுள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிவரும். பசை நுரைத்து, காய்ந்தபின் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

கடைசியாக மணல். சதுர மீட்டருக்கு 15 கிலோ, மொத்தம் 1.1 டன், 25 கிலோ மூட்டையில் 44. உருண்டைப் பரல் சிலிக்கா மணலாக, நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். எம்-சாண்டின் கூர்முனை இழையை அறுக்கும், தூள் விரிப்பின் வடிதுளையை அடைக்கும். நாலைந்து முறையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் இழையை எதிர்ப்பக்கமாகத் துடைப்பத்தால் நிமிர்த்த வேண்டும். இழையை நிற்க வைப்பதும், நீளும் விரிப்பைக் கனத்தால் அமுக்கிப் பிடிப்பதும் இந்த மணல்தான். சில தளங்களில் இழைகளுக்கு இடையே தூவும் ரப்பர் குருணை கொல்லைக்குத் தேவையில்லை. நுண்பிளாஸ்டிக் பரவுவதால் 2031 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியமே அதன் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் முழு மருந்து கிடையாது: சூடு. அறுகம்புல் வேரால் உறிஞ்சிய நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கும். பிளாஸ்டிக் புல்லுக்கு வியர்க்கத் தெரியாது. மே மாத மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் அது ஆவியாகும்வரை குளிரும், பிறகு மறுபடி ஏறும். வெறுங்காலோடு குழந்தைகள் ஆடுவது காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான். நிழலுக்கு வேப்பமரம் இருந்தால் நல்லது. ஆனால் அதன் சருகை வாரம் ஒருமுறை கூட்டி அள்ளாவிட்டால் மக்கித் துளைகளை அடைக்கும், உதிர்ந்த பழத்தின் விதை மணலிலேயே முளைக்கும்.