எல்லாத்துக்கும் "தேய்மானம்"னு சொல்றத எப்ப நிறுத்தப் போறோம்?

இந்த வாரமும் ஒரு அண்ணன் வந்தாரு, கையில எக்ஸ்ரே கவரோட. "கழுத்துல தேய்மானமாம் தம்பி, பத்து நாளைக்கு கரண்ட் வச்சு விடுங்க"ன்னாரு. கை மரத்துப்போகுதா, நடக்கும்போது தடுமாறுதா, இருமுனா பின்னந்தலை வலிக்குதான்னு நான் ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க அவருக்கு எரிச்சல். "அதெல்லாம் எதுக்கு தம்பி, வந்த வேலையைப் பாருங்க"ங்கறாரு. காரைக்குடில பிசியோதெரபி பாக்குற எனக்கு இது தினப்படி பாட்டு. அவருக்கு இருந்தது சாதாரண கழுத்து வலிதான், சரியாயிடும். ஆனா கேக்காம மெஷினைப் போட என்னால முடியாது, அதுக்குக் காரணம் ஒரு அக்கா. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், பேரு ஊரெல்லாம் கேக்காதீங்க.

அந்தக்காவுக்கு பலகாரம் போடுற இடத்துல வேலை. முகூர்த்த மாசம் வந்துட்டா தேன்குழல், மனகோலம், அதிரசம்னு விடியக்காலைலேர்ந்து எண்ணெச் சட்டி முன்னாடி நிக்கணும். முதல்ல வந்தது தலைவலி. எப்பவும் வலிக்காது, இருமுனா, தும்முனா, குனிஞ்சு மாவு மூட்டையைத் தூக்குனா மட்டும் பின்னந்தலையும் பிடரியும் சுரீர்னு இழுத்து கொஞ்ச நேரத்துல விட்டுடும். ஒரு இடத்துல சைனஸ்னாங்க, ஒரு இடத்துல கண்ணாடி போடச் சொன்னாங்க, மாமியார் பித்தம்னு சொல்லி எண்ணெ தேச்சுக் குளிக்க வச்சாங்க. அப்புறம் தோள்பட்டை வலி, எக்ஸ்ரே, "தேய்மானம்", கழுத்துக்கு பெல்ட். அதுக்கப்புறம் விரல்ல பலம் குறைஞ்சு தேன்குழல் அச்சை அமுக்க முடியல, அதுக்கு நரம்புத் தளர்ச்சின்னு சத்து ஊசி.

ஒரு நாள் சட்டி விளிம்புல முன்னங்கை பட்டு தோல் வழண்டுபோச்சு. அந்தக்காவுக்கு வலியே தெரியல, கருகுற வாடை வந்துதான் திரும்பிப் பாத்திருக்காங்க. கடை ஆச்சி "கவனமெல்லாம் எங்கடி இருக்கு உனக்கு"ன்னு திட்டியிருக்காங்க. அடுத்த மாசம் இன்னொரு தீக்காயம். இப்ப அக்கம்பக்கத்துல குசுகுசுன்னு ஆரம்பிச்சாச்சு, தொழுநோயா இருக்குமோன்னு, வீட்டுலயே தட்டு டம்ளரைத் தனியா எடுத்து வச்சிருக்காங்க. இதைச் சொல்லும்போதுதான் அந்தக்கா அழுதாங்க, வலியைப் பத்திப் பேசுறப்பல்லாம் அழவே இல்ல. தோல் டாக்டர்ட்ட காமிச்சு தேமலும் இல்ல, நரம்பும் தடிக்கலன்னு அவரு எழுதிக் கொடுத்தும் தட்டு உடனே ஒண்ணு சேரல. (தொழுநோயாவே இருந்தாலும் கவர்மென்ட் ஆஸ்பத்திரில இலவசமா மருந்து இருக்கு, சாப்பிட்டா குணமாகும், மருந்து ஆரம்பிச்சுட்டா பரவவும் பரவாது. தட்டைப் பிரிக்கிற வேலையெல்லாம் இன்னும் எத்தனை காலத்துக்குச் செய்வீங்க?)

எங்கிட்ட வந்தப்ப "விரலுக்கு மெழுகு வைங்க தம்பி, என் நாத்தனாருக்கு அதுலதான் கேட்டுச்சு"ன்னாங்க. மெழுகுத் தொட்டி 50 டிகிரி பக்கம் இருக்கும். சூடு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் கட்டாயம் பண்ணணும், முதல் வருஷப் பசங்களுக்கே சொல்லித்தர்றது, பல கிளினிக்ல கூட்டம் ஜாஸ்தின்னு விட்டுர்றாங்க. ரெண்டு டெஸ்ட் டியூப், ஒண்ணுல சுடுதண்ணி, ஒண்ணுல ஐஸ் தண்ணி. கண்ணை மூடச் சொல்லி மாத்தி மாத்தி வச்சேன். "ரெண்டும் ஒண்ணாத்தான தம்பி இருக்கு"ன்னாங்க. ஆனா பஞ்சால லேசா தொட்டா அது டக்குனு தெரியுது, எந்த இடம்னு கரெக்டா சொல்றாங்க. தோள்ல துண்டைப் போத்துனா எந்தெந்த இடத்தை மூடுமோ அங்கல்லாம், ரெண்டு பக்கமும், இதே கதை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதை வத்திப் பள்ளமாயிருந்துச்சு. சுத்தியலால தட்டுனா கையில அசைவே இல்ல, முழங்கால்ல தட்டுனா கால் துள்ளுது. இந்த நாலும் ஒரே ஆள்கிட்ட இருந்தா பிசியோவுக்கு அங்க வேலை இல்லைங்க, நரம்பு டாக்டருக்கு லெட்டர் எழுதிக் கொடுத்து அனுப்புறதுதான் வேலை.

"எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தாச்சு தம்பி, நார்மல்னுட்டாங்க"ன்னு பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தாங்க. ரிப்போர்ட்டோட மேல் வரியைப் பாத்தா "எல்.எஸ். ஸ்பைன்"னு இருக்கு. அதாவது இடுப்பு! கால் கனமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, இடுப்பை எடுத்திருக்காங்க. கழுத்துல கோளாறு இருந்தாலும் காலு கனக்கும், மூளைலேர்ந்து காலுக்குப் போற நரம்பெல்லாம் கழுத்து வழியாத்தான போகுது.

மூளையும் முழு தண்டுவடமும் சேத்து எடுத்ததுல வந்தது சிரிங்கோமைலியா. சிறுமூளையோட அடி நுனி கபாலத்து ஓட்டை வழியா கழுத்துக்குள்ள இறங்கியிருந்துச்சு, அதுக்கு கியாரின்னு பேரு. அதனால தண்டுவட நீரோட்டம் தடைப்பட்டு தண்டுவடத்துக்கு உள்ளாரயே நீர் கோத்து நீளமா குழியாயிருந்துச்சு, அந்தக் குழிக்குத்தான் சிரிங்கோமைலியான்னு பேரு. சூடும் வலியும் கடத்துற நரம்பு தண்டுவடத்து நடுவுலதான் பக்கம் மாறும், அதான் அது முதல்ல போகுது, தொடு உணர்ச்சி வேற வழில போறதால தப்பிச்சுக்குது. அபூர்வம்தான், ஆனா நேத்து கண்டுபிடிச்ச வியாதி இல்ல, ஹான்ஸ் கியாரிங்கறவரு பிராக்ல இருந்து 1891லயே எழுதி வச்சுட்டாரு.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன். தேய்மானம். நாப்பது தாண்டுன யாரோட கழுத்தை வேணா எக்ஸ்ரே எடுங்க, அனேகமா ஏதாவது தேஞ்சு இருக்கும், வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும். நாலு தலைமுறை நடந்த வீட்டுல வாசப்படி தேஞ்சுதான் கிடக்கும், அதுக்காக மேல ஒழுகுறதுக்கும் வாசப்படிதான் காரணம்னு சொல்லுவீங்களா? எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். தண்டுவடம் தெரியாது, அதுக்குள்ள குழி இருந்தா சுத்தமா தெரியாது. அதனால "எக்ஸ்ரேல தேய்மானம்"னு சொன்னா எலும்பைப் பத்தி ஒரு தகவல் கிடைச்சிருக்கு, அவ்ளோதான். உங்க கை ஏன் சுடுறது தெரியாம போச்சுங்கறதுக்கு அது பதில் கிடையாது. பதில் வந்துருச்சுன்னு எல்லாரும் நம்பிட்டதாலதான் அந்தக்கா அத்தனை வருஷம் பெல்ட்டும் மாத்திரையுமா அலைஞ்சாங்க. திரும்பத் திரும்ப சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, தினம் ஒருத்தராவது இந்த வார்த்தையோட என் வாசல்ல வந்து நிக்கிறாங்க.

உடனே பயந்துபோய் எல்லாரும் எம்.ஆர்.ஐ.க்கு வரிசை கட்டாதீங்க. கை மரத்துப்போறதுக்கு பெரும்பாலும் சர்க்கரையோ மணிக்கட்டு நரம்பு அழுத்தமோதான் காரணமா இருக்கும், சர்க்கரைன்னா வழக்கமா பாதத்துலதான் ஆரம்பிக்கும். ஆனா சுட்டது தெரியாம கையில காயம், இருமுனா தும்முனா மட்டும் பின்னந்தலை வலி, கை சதை வத்துறது, சட்டை பட்டன் போடத் தடுமாறுறது, கால் விறைப்பு, இதுல எது இருந்தாலும் நரம்பு டாக்டரைப் பாருங்க. ஒண்ணுக்கு ரெண்டுக்கு கன்ட்ரோல் போனா அன்னைக்கே ஓடுங்க, நாளைக்கு நல்ல நாளான்னு பாக்காதீங்க. பிள்ளைகளுக்கு முதுகு ஒரு பக்கமா வளைஞ்சா ஸ்கூல் பையைத் திட்டிட்டு விட்டுறாதீங்க, பையால முதுகு வலிக்கலாம், எலும்பு அப்படி வளையாது.

அப்புறம் அந்த சலூன் விஷயம். முடி வெட்டிட்டு தலையை ரெண்டு பக்கமும் படார் படார்னு திருப்பி சொடுக்கு எடுக்கறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க, சுகமா இருக்குன்னு சொல்லாதீங்க. இந்த மாதிரி கழுத்து உள்ளவங்களுக்கு அது விபரீதமாயிடும், உங்களுக்கு இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. கையில சூடு தெரியாதவங்க வெந்நீர் ஒத்தடம், வெந்நீர் பை பக்கமே போகக்கூடாது. குளிக்கிற தண்ணியை வீட்டுல வேற யாராவது தொட்டுப் பாக்கட்டும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி கையைத் திருப்பிப் பாத்து காயம் இருக்கான்னு கவனிங்க.

அந்தக்காவுக்கு மதுரையில ஆபரேஷன் நடந்துச்சு, பின்மண்டைல கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் விட்டாங்க. இருமுனா வர்ற தலைவலி போயிடுச்சு, கால் விறைப்பும் குறைஞ்சிருக்கு. வத்துன சதை திரும்பல, சூடும் இன்னும் தெரியல, அதனால அடுப்படியை விட்டுட்டு பேக்கிங்ல உக்காந்திருக்காங்க. இந்த ஆபரேஷன் முக்கியமா மேல மோசமாகாம தடுக்கத்தான், போனது எல்லாம் வந்துடும்னு யாரும் உறுதி தரமாட்டாங்க. ஸ்கேன்ல கியாரின்னு வந்த எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னும் இல்ல, தொந்தரவே இல்லாம தற்செயலா தெரிஞ்சதுன்னா டாக்டர் கவனிச்சுட்டு வருவாரு.

நரம்பு டாக்டர்ட்ட போறப்ப பழைய பிலிம், ரிப்போர்ட், சிடி எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க, பீரோ மேல போட்டுட்டு "எல்லாம் நார்மல்தான் சார்"னு வாயால சொல்லாதீங்க. எது எந்த இடத்து ஸ்கேன்னு மேல் வரியைப் படிச்சுப் பாருங்க, புரியலைன்னா யார்ட்டயாவது கேளுங்க, எங்கிட்ட வந்தாலும் படிச்சு சொல்றேன், அதுக்கு காசு வாங்கறதில்ல. காப்பீட்டு அட்டையையும் மறக்காம கையோட கொண்டு போங்க.