பனையோலைப் பெட்டிக்குள் ஒரு கீபோட்

பாட்டுக் கேட்டபடி வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் தெரியும். யாராவது படலையில் நின்று கூப்பிட்டால் மவுஸைப் பிடித்து, மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தேடிச் சத்தத்தைக் குறைப்பதற்குள் வந்த ஆள் போய்விடுவார். அதற்காகத்தான் ஒரு திருகுகுமிழும் மூன்று பொத்தான்களும் உள்ள பெட்டி ஒன்று செய்தேன். கொம்பியூட்டருக்கு அது ஒரு கீபோட் போலத் தெரிய வேண்டும்.

முதலில் கையில் கிடந்த ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்னப் பலகையை எடுத்தேன், பிழை என்னுடையதுதான். அதன் பிரதான சிப்புக்கு யூஎஸ்பி தெரியாது, பக்கத்தில் உள்ள இன்னொரு சிப்தான் அதற்காகக் கொம்பியூட்டரோடு கதைக்கும். லியனார்டோ, புரோ மைக்ரோ பலகைகளில் இருக்கும் ஏடிமெகா32யு4 சிப் அப்படியில்லை. வயரைச் செருகியதும் "நான் கீபோட்" என்று அதுவே சொல்லும், கொம்பியூட்டரும் மறுகேள்வி இல்லாமல் நம்பும்.

பிறகு நடப்பதெல்லாம் வெறும் எண்கள். வழக்கமான கீபோட் ஒவ்வொரு தடவையும் 8 பைட் அனுப்புகிறது: முதலாவதில் கொன்ட்ரோல், ஷிப்ட் போன்றவை, அடுத்தது சும்மா, மிச்சம் ஆறும் அழுத்திய விசைகள். கையை எடுத்ததையும் சொல்லியாக வேண்டும். நான் அதை மறந்துபோய், கொன்ட்ரோல் அழுத்தியபடியே நின்று, மவுஸ் சில்லை உருட்ட உருட்டப் பக்கம் பெருத்துக்கொண்டே போனது!

சத்தத்துக்கு வேறு பட்டியல் இருக்கிறது. அதில் கூட்ட 233, குறைக்க 234, பாட்டை நிறுத்தவும் தொடரவும் 205.

குமிழ்தான் சுவாரசியமான சாமான். உள்ளே இரண்டு தொடுமுனைகள், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தித் திறந்து மூடும். அண்ணனும் தம்பியும் படலைக்குள் நுழைவதுபோல, அண்ணன் முந்தினால் வலப்பக்கம், தம்பி முந்தினால் இடப்பக்கம். மாறி வேலை செய்தால் இரண்டு வயரையும் மாற்றிவிடுங்கள், சரி. ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு உள்ள குமிழ் என்னுடையது. விண்டோஸ் ஒரு தடவைக்கு 2 கூட்டும், ஆக 0 இலிருந்து 100க்குப் போக இரண்டரைச் சுற்று.

பொத்தானில் ஒரு சிக்கல். உலோகம் உலோகத்தில் பட்டால் சில மில்லி செக்கன் துள்ளும், நமக்கு ஒன்றாகத் தெரியும் அழுத்தம் சிப்புக்குப் பலதாகத் தெரியும். முதல் மாற்றத்துக்குப் பிறகு 10 மில்லி செக்கன் அளவு கண்ணை மூடிக்கொள் என்று புரோகிராமில் சொன்னால் போதும்.

ஒரு பொத்தானில் என் பெயரையும் வைக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. கீபோட் எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் இடத்தை மட்டும்தான் அனுப்புகிறது. 4 என்று போனால் ஆங்கிலத்தில் 'ஏ', தமிழ்99 விசையமைப்புப் போட்டிருந்தால் 'அ'. எந்த மொழி ஓடுகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. அந்தப் பொத்தான் இப்போது கொன்ட்ரோல்-இசட், கடைசியாகச் செய்ததை இல்லாமலாக்கும் விசை.

எல்லாம் பனையோலைப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கிறது. ஓலை பாரமில்லை, அழுத்தினால் மேசையில் வழுக்குகிறது, அடியில் ஒரு ஓட்டுத்துண்டு வைத்திருக்கிறேன்.